இடது பக்கம் திரும்பாத வண்டி

வில்லியனூர்,
20-10-1975

அன்பு அத்தானுக்கு,

சிவகாமசுந்தரி எழுதுவது. இங்கே வண்டி நலம். முன்சக்கரம் இரண்டும் நலம், பின்சக்கரம் இரண்டும் நலம், மேலே போர்த்தியிருக்கும் தார்ப்பாயும் நலம். நீங்கள் விசாரித்த வரிசையிலேயே சொல்லிவிட்டேன். கடைசியாக, நானும் அத்தையும் நலம். ஜிபுத்தியில் வெயில் எப்படி இருக்கிறது, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, நெற்றியில் போட்ட ஆறு தையலும் வடுத் தெரியாமல் ஆறிவிட்டதா என்று எழுதவும்.

உங்கள் கடிதம் ஆயுத பூஜைக்கு மறுவாரம் வந்தது. தபால்காரர் சாமிக்கண்ணு கவரைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஆறு மாசத்துப் பாசத்தையும் ஒண்ணா கட்டி அனுப்பிட்டாரா?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். மொத்தம் ஐந்து பக்கம். அதில் நாலே முக்கால் பக்கம், வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கையைப் பற்றி. மிச்சம் கால் பக்கத்தில், "அம்மாவைப் பார்த்துக்கொள். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்." கதவைச் சாத்தியிருக்க வேண்டியதே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து அத்தைக்கும் சேர்த்துச் சத்தமாகப் படித்தேன்.

அத்தை கதாகாலட்சேபம் கேட்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார்கள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது. முடித்ததும், "எம் புள்ளைக்கு எம்மாம் அறிவு பாத்தியா!" என்றார்கள். என் அப்பாவோடு கூடப் பிறந்தவர்கள் என்றுதான் பெயர். உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பேச்சு வந்தால் அவர்கள் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். அந்த பியட் கார் ஒரு குடும்பத்து வண்டி. நாலு பேரை உட்காரவைத்துக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து விடுவதற்காகச் செய்தது. நீங்கள் அதன் பின்சீட்டைக் கழற்றினீர்கள். உள்ளே இருந்த கண்ணாடியைக் கனம் என்று கழற்றினீர்கள். அகலமான சக்கரம் மாட்டி, இன்ஜினை என்னவோ செய்து, கதவில் பதினேழு என்று நம்பர் எழுதிச் சோழவரம் பந்தயத் திடலுக்கு ஓட்டிக்கொண்டு போனீர்கள். போன பிப்ரவரி பந்தயத்தில் வளைவில் திரும்பும்போது இடது பக்கத்துக் கை வளைந்து, சக்கரம் உள்ளே மடங்கி, நீங்கள் வைக்கோல் கட்டுக்குள் போய்ச் சொருகிக்கொண்டீர்கள். அதன் பலன் ஆறு தையல். வளைந்த கையை எடுத்துவிட்டுப் புதிது மாட்டியாகிவிட்டது. இப்போது இரண்டு கைக்கும் அடியில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்துப் பலப்படுத்த வேண்டும் என்கிறீர்கள். எனக்குத் தோன்றிய வழி வேறு. வண்டியை மெதுவாக ஓட்டலாம். அதற்கு வெல்டிங் தேவைப்படாது.

ஆனாலும் நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். நீங்கள் எப்படியும் ஓட்டத்தான் போகிறீர்கள். தாலி என் கழுத்தில் கிடக்கிறது. அந்தக் கை கெட்டியாக இருப்பதில் உங்களைவிட எனக்குத்தான் அக்கறை அதிகம்.

இன்னொரு விஷயம். வருகிற மார்ச்சோடு உங்களுக்குப் பட்டாளத்தில் பதினைந்து வருடம் முடிகிறது. அதோடு பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று கல்யாணத்தன்று சொன்னது நீங்கள்தான். மறுபடியும் ஐந்து வருடத்துக்குக் கொந்த்ரா என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறீர்களா இல்லையா என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். பதில் இல்லை. வண்டிக்கு மசகு எண்ணெய் எது ஊற்ற என்று கேட்டிருந்தால் தந்தியே வந்திருக்கும். இது நாலாவது கடிதம். கேட்டிருக்கிறேன்.

மழை தொடங்கிவிட்டது. கரையாம்புத்தூர் நிலத்தில் கரும்பு நன்றாக நிற்கிறது. ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கதவில் இருக்கும் நம்பரின் மேல் வைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

வண்டியைப் பற்றியும், இடையிடையே தங்களைப் பற்றியும் நினைக்கும்,
சிவகாமசுந்தரி


வில்லியனூர்,
3-12-1975

அன்பு அத்தானுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்டி வலது பக்கம் மிக அழகாகத் திரும்புகிறது. மற்றச் செய்தியைப் படிக்கும் முன் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடியே மதகடிப்பட்டு சூசைநாதனிடம்தான் வண்டியை விட்டேன். வேறு மெக்கானிக் யாரும் தொடக்கூடாது என்று மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தீர்களே. நீங்கள் கையை வரைந்து அனுப்பியிருந்த படத்தை அவர் பார்த்தார். "அண்ணி, வெல்டிங்கு நான் அடிச்சிடுவேன். ஆனா இந்தத் தகட்டைக் காய்ச்சி அடிச்சு, ஆர்ம் கையோட வயித்துல ஒட்டுற மாதிரி வளைக்கறது கொல்லன் கைக்குத்தான் வரும்" என்றார். அதனால் நம் ஊர் ஆதிமூலத்திடம் போனோம். அவர் கைவேலை உங்களுக்கே தெரியும். வில்லியனூர் கொம்யூன் வட்டாரம் முழுவதிலும் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கோயில் தேருக்கே ஆணி அடித்துக் கொடுப்பவர்.

அவர் உங்கள் படத்தைத் தலைகீழாகப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் பார்த்தார். பிறகு என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். இந்த இடத்தில் தப்பு யாருடையது என்று பிறகு சண்டை வரும், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் வலது பக்கத்துக் கையை மட்டும் வரைந்து, சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது டயரின் பின்விளிம்பு உள்ளே வந்து இடிக்காமலிருக்கத் தகட்டில் பிறைபோல் ஒரு வெட்டுப் போட்டு, கீழே "மற்றதும் இப்படியே" என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் படித்தேன். ஆதிமூலம், "மத்ததும் இப்பிடியேதானாம்மா?" என்று கேட்டார். இப்படியேதான் என்றேன். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் இப்படியேதான் என்றேன்.

ஒரு மாட்டுவண்டியின் இரண்டு சக்கரத்தில் எது எந்தப் பக்கம் என்று செய்தவருக்கே தெரியக்கூடாது. அவர் தொழிலில் அதுதான் பெருமை. அதே பெருமையோடு இதையும் செய்தார். இரண்டு தகட்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நூல் பிடித்து அளந்து காட்டினார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. நானும் வியந்து போய், வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வாங்கி வந்தேன். உங்கள் இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். கட்டைவிரல் இரண்டும் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்க்கும் அல்லவா? ஆதிமூலம் செய்தது இரண்டும் வலது கை.

மாட்டும்போதாவது சூசைநாதனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். தெரிந்ததாம். இடது பக்கத்தில் பிறை முன்னால் இருக்கிறதே, பின்னால் அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தாராம். பிறகு, "அண்ணன் பிரெஞ்சு மிலிட்டரியில இருக்காரு, நமக்குத் தெரியாத காரணம் எதுனா இருக்கும்னு வுட்டுட்டேன்" என்கிறார். உங்கள் மேல் அவ்வளவு மரியாதை.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தது கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை. சோமவாரம், கோயிலில் நல்ல கூட்டம். அதை நாங்கள் யோசிக்கவில்லை. புதிதாக மாட்டினால் பத்து மைல் ஓட்டிவிட்டு மறுபடி போல்ட்டை இறுக்க வேண்டும், ஓடும்போது சத்தம் வருகிறதா என்று நீயும் உட்கார்ந்து கேள் என்று எழுதியிருந்தீர்கள். ஆகவே சூசைநாதன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். பின்னால்தான் சீட்டே இல்லையே. கோணிப்பையை மடித்துப் போட்டு, அதன்மேல் மணைப்பலகை வைத்து, கல்யாணப் பெண்போல் உட்காரவைத்தோம். கையில் ஓர் எலுமிச்சம்பழம்.

விழுப்புரம் ரோடு மழையில் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. ஆனால் வண்டி அதிரவே இல்லை, நல்ல வேலை என்று சொல்லத்தான் வேண்டும். அத்தை தூங்கிவிட்டார்கள். நேர் ரோட்டில் இடது பக்கம் அதிகம் வளைக்கிற வேலையே வரவில்லை. ஊருக்குள் வந்து, கோயிலின் தேர் வீதியிலிருந்து இடது பக்கம் நம் தெருவுக்குள் திரும்பும்போதுதான் தெரிந்தது. சூசைநாதன் ஸ்டியரிங்கைத் திருப்பினார். பாதியில் கடக்கென்று ஒரு சத்தம், அத்தை விழித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் திரும்பவில்லை. டயர் தகட்டில் இடித்துக்கொண்டது. பின்னால் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகள் ஒன்பது. வண்டிக்காரர்கள் போட்ட சத்தத்தில் நிற்கவும் முடியவில்லை, பின்னால் எடுக்கவும் முடியவில்லை. நேராகப் போனார். வீதி முடிந்த இடத்தில் வலது பக்கம் திருப்பினார். வெண்ணெய்போல் திரும்பியது. அடுத்த மூலையிலும் வலது. அதற்கடுத்த மூலையிலும் வலது. நாலாவது மூலை திரும்பியதும் மறுபடி நம் தெரு முனை வந்தது. திருப்பினார். கடக்.

அத்தான், நீங்களே யோசித்துப் பாருங்கள். சோமவாரத்தன்று, திருக்காமீசுவரர் கோயிலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் ஒரு கார் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஒரு வயதான அம்மாள், பயத்தில் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டாவது சுற்றில் ஜனங்கள் ஓரமாக விலகி நின்று கும்பிட ஆரம்பித்தார்கள். யாரோ ஒரு பெண் குடத்துத் தண்ணீரை முன்சக்கரத்தில் ஊற்றினாள். பூக்காரி ஓடிவந்து இரண்டு முழம் கதம்பத்தைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போனாள்.

இரண்டாவது சுற்று முடிவதற்குள் கரும்பு வண்டிகள் போய்விட்டன. சூசைநாதன் அப்பாடா என்று ஓரம் கட்டி நிறுத்தினார். அப்போது பின்னாலிருந்து அத்தை, "இன்னாடா நிறுத்தற? ரெண்டு சுத்தோட நிறுத்துனா எந்த சாமி ஏத்துக்கும்? ஒத்தப்படையில முடிடா!" என்றார்கள். சூசைநாதன் என்னைப் பார்த்தார். நான் கூட்டத்தைப் பார்த்தேன். அவர் நெற்றியில் தொட்டு மார்பில் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே, நீதான் மன்னிக்கணும்" என்று மூன்றாவது சுற்றுக்குக் கிளப்பினார்.

மூன்றாவது சுற்று முடிந்து கோபுர வாசலில் நின்றோம். எதிர்வீட்டு மணியம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டு, "காருலயே வலம் வர்றீங்களே, இன்னா வேண்டுதலைடி சிவகாமி?" என்று கேட்டாள். வேண்டுதல் இல்லை, வெல்டிங் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து அத்தை சொன்னார்கள், "எம் புள்ள வூடு வந்து சேரணும்னு."

அவ்வளவுதான் சொன்னார்கள். உள்ளே இருந்த கண்ணாடியை நீங்கள் கழற்றிவிட்டதால் அவர்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு எட்டு ஆட்கள் சேர்ந்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, இடது பக்கமாக நகர்த்தி நம் தெருவில் வைத்தார்கள். வீடு வந்து சேர்ந்தோம். குருக்கள் பிரசாதம் கொடுத்தனுப்பினார். மறுநாள் பாகூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து, எங்களுக்கும் வேண்டுதல் இருக்கிறது, காரை ஒருநாள் தருவீர்களா என்று கேட்டார்கள். கையை மாற்றும் வரை முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஆதிமூலம் தப்பை ஒத்துக்கொள்ளவில்லை. "வலப்பக்கம் சுளுவா திரும்புதில்ல? அப்போ என் வேல சரி. எடது கால் செருப்பு, வலது கால் செருப்புன்னு வண்டிக்குக்கூட உண்டா இன்னா? படம் போட்டவரு அதை இல்ல சொல்லியிருக்கணும்" என்கிறார். யோசித்தால் அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் தயவுசெய்து இடது பக்கத்துக்குத் தனியாக ஒரு படம் போட்டு, மேலே பெரிய எழுத்தில் இடது என்று எழுதி அனுப்பவும். "இப்படியே" என்ற சொல்லை இனி எந்தக் கடிதத்திலும் எழுத வேண்டாம்.

அத்தையிடம் அன்றைக்குச் சொன்னதைப் பற்றிக் கேட்டேன். "கூட்டத்துல எதுனா சொல்லணுமே, சொன்னேன்" என்று எழுந்து போய்விட்டார்கள். கொந்த்ரா என்ன ஆயிற்று? இது ஐந்தாவது கடிதம்.

வலது பக்கமாக மட்டும் சுற்றி வந்து களைத்த,
சிவகாமசுந்தரி


வில்லியனூர்,
12-1-1976

அத்தானுக்கு,

இந்தத் தடவை "அன்பு" என்று போடவில்லை. மறந்து விட்டுப்போனதல்ல. கடைசி வரை படித்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

நான் எழுதியதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் படுக்கைக் கொட்டகை முழுவதும் எழுந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். அனுப்பிய இரண்டு படமும் கிறிஸ்துமஸ் கழித்து வந்தன. ஆதிமூலத்திடம் கொடுத்தேன். அவர் பழைய தகட்டை வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டு, புதியதை மூன்றே நாளில் அடித்துக் கொடுத்தார். சூசைநாதன் வெல்டிங் அடித்தார். அதில் ஓர் இடத்தில் பற்றவைப்பு ஊசித்துளை விட்டிருந்தது. நான் விரலை வைத்துக் காட்டியதும் பேசாமல் மறுபடி அடித்தார். கையின் மூட்டில் வரும் ரப்பர் புஷ் இரண்டும் புதிது மாட்டியிருக்கிறது. போல்ட்டை வண்டி தரையில் நின்று பாரம் தாங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும், ஜாக்கியில் தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் போய்விடும் என்பதும் எனக்கு இப்போது தெரியும். இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் பிறக்கும்போது எழுதியிருக்கிறது.

வண்டியைப் பாகூர் வரை ஓட்டிப் பார்த்தோம். வலதும் திரும்புகிறது, இடதும் திரும்புகிறது. ஏரிக்கரை ஓரமாக ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் சூசைநாதன் நிறுத்தி, "அண்ணி, நீங்க ஒருவாட்டி புடிச்சுப் பாருங்க" என்றார். ஓட்டினேன். ஆமாம், நான்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு இரண்டு பர்லாங் ஓட்டினேன். முதல் கியரில் அத்தை பின்னால் முருகனைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது கியரில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு வளைவு வந்தது. திருப்பினேன். வண்டி கொஞ்சம்கூடத் தயங்காமல், நான் நினைத்த இடத்தில் போய் நின்றது. அப்போது எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் வந்தது, அத்தான். இதற்காகத்தான் நீங்கள் வருடம் முழுவதும் காத்திருக்கிறீர்களா என்று முதல்தடவையாக விளங்கியது. உங்கள் மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த ஏரிக்கரையிலேயே போய்விட்டது.

மறுநாள் ஆதிமூலம் உங்கள் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். பத்துநாள் உலைக்குப் பக்கத்தில் கிடந்து கரிபிடித்துப் போயிருந்தது. மடித்து வைக்கலாம் என்று திருப்பினேன். பின்பக்கத்தில் உங்கள் எழுத்து. "கொந்த்ராவில் இன்னும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். ஜனவரி கடைசிக்குள் தாளைக் கொடுக்க வேண்டும். பிப்ரவரியில் மூன்று வார பெர்மிசியோன் லீவு கிடைக்கும். சோழவரம் முடிந்ததும் திரும்பிவிடுவேன். கோபப்படாதே."

ஐந்து கடிதத்தில் கேட்ட கேள்விக்குப் பதில், இடது பக்கத்துக் கைப் படத்தின் பின்னால். நேராக என்னிடம் சொல்லப் பயந்து, நான் பார்த்தால் பார்க்கட்டும் என்று அங்கே எழுதினீர்கள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஆதிமூலம் அதைக் கண்ணெதிரில் வைத்துக்கொண்டு சம்மட்டி அடித்திருக்கிறார்.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். எம் புள்ளைக்கு எம்மாம் அறிவு என்று இந்தத் தடவை சொல்லவில்லை. தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு, "சூசைய வரச்சொல்லு" என்றார்கள்.

சூசைநாதன் வந்தார். அத்தை அவரிடம் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "எடது கையக் கழட்டுடா." அவர் ஏன் என்று கேட்டார். "கழட்டுன்னா கழட்டு." கழற்றிக் கொடுத்தார். இப்போது உங்கள் வண்டி இடது பக்கத்தில் இரண்டு பனங்கட்டைமேல் நிற்கிறது. கழற்றிய கை உங்கள் பழைய வேட்டியில் சுற்றி, அத்தையின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அம்மாவிடம் கெஞ்சி வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் குனிந்து இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள்தான். சூசைநாதனுக்குத் தனியாகக் கடிதம் எழுதி வேறொன்று செய்துகொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். அவரை லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கியாயிற்று. ஆதிமூலம் திருக்காமீசுவரர் சந்நிதியில் கற்பூரத்தை அடித்து, "எடது கை இனிமே செய்யறதில்ல" என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது ஒன்றும் கஷ்டமான சத்தியம் இல்லை.

சிரித்தது போதும். இனி எழுதுவதை மெதுவாகப் படியுங்கள்.

நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். எல்லா லீவையும் கூட்டினால் நீங்கள் இந்த வீட்டில் இருந்தது பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்திலும் பாதி நேரம் வண்டிக்கு அடியில். காப்பி கொண்டுவந்து வைப்பேன். வெளியே இரண்டு பாதம் மட்டும் தெரியும். உங்கள் முகத்தைவிட உள்ளங்கால்தான் எனக்குப் பழக்கம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாதம் இரண்டும் அங்கே கிடக்கும்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். லீவு முடிந்து போன பிறகும் ஒரு வாரம் தார்ப்பாயைத் தாண்டி நடக்கும்போது கால் இடறாமல் ஒதுங்கித்தான் போவேன். பழக்கம்.

பந்தயம் ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். பிப்ரவரியில் ஓட்டுங்கள், அடுத்த வருடமும் ஓட்டுங்கள், தலை நரைக்கும்வரை ஓட்டுங்கள். நானும் சோழவரத்துக்கு வந்து அந்த வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நிற்கிறேன். அந்தக் கை முறியாது. வெல்டிங்கை விரல் வைத்துத் தடவிப் பார்த்தது நான். ஆனால் ஓட்டி முடித்துவிட்டு வில்லியனூருக்கு வாருங்கள். மார்ச்சுக்குப் பிறகு ஜிபுத்தியில் இருக்காதீர்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடமும் ஒரு மோட்டார் வண்டியும் தேவைப்பட்டிருக்கிறது. அத்தைக்கு அன்றைக்கு ஒரு வரியே போதுமாக இருந்தது.

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது ஜனவரி முடிய ஒரு வாரம் இருக்கும். ஐந்து பக்கம் பதில் எழுத வேண்டாம். ஒரு தந்தி அடியுங்கள். வருகிறேன் என்ற ஒரு வார்த்தை போதும், கழற்றிய கை மறுநாளே வண்டிக்குப் போய்விடும். சாமிக்கண்ணு அதைத் தெரு முனையிலிருந்தே ஒவ்வொரு வீட்டிலும் படித்துக் காட்டிவிட்டுத்தான் நம் வாசலுக்கு வருவார். படிக்கட்டும்.

திருக்காமீசுவரர் துணையிருந்து தங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும்.

அன்பு அத்தானுக்கு, அன்புடன்,
சிவகாமசுந்தரி

பின்குறிப்பு: அந்தத் தாளில் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நாங்கள் இருவரும் இந்தக் கடிதத்தில் போட்டுவிட்டோம். மேலே இருப்பது என்னுடையது. கீழே அத்தையின் கைநாட்டு. மை தேடினேன், கிடைக்கவில்லை. அத்தை கட்டிலுக்கு அடியில் குனிந்து, வேட்டியை விலக்கி, கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். ஆகவே கறுப்பாக இருப்பது மை அல்ல, கிரீஸ். நீங்கள் எத்தனை தடவை தேய்த்தாலும் போகாது.